பதினான்காம் வீடு

சென்னையில் ஒரு கல்லூரி மாணவர்கள் நடத்தும் ஆய்வு மாநாட்டுக்குப் போகிறேன் என்றதும் என் தங்கை கேட்ட முதல் கேள்வி, "தி.நகர் பக்கம் போவியா?" என்பதுதான். ஆய்வு, மாநாடு எல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை. ஆறு ரவிக்கைகளுக்கான மாதிரித் துண்டுகளை ஒரு கவரில் போட்டு என் கையில் திணித்தாள்.

நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன். வீடுகளுக்குள் வெப்பம் எப்படிச் சேர்கிறது, ஏன் இறங்க மறுக்கிறது என்பது என் பாடம். இருபது வருடமாக இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். தப்பான அளவு ஒன்றைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

மாநாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர்கள் யாரும் இதில் தலையிடுவதில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் குறைந்தது இரண்டு துறை மாணவர்கள் சேர்ந்து எழுத வேண்டும். இயற்பியலும் சமூகப்பணியும், தமிழும் கணிதமும் என்று எப்படி வேண்டுமானாலும் சேரலாம். எழுதியவர் பெயர், ஆய்வுக்கு உதவியவர் பெயர் எதுவும் தெரியாதபடி எல்லாவற்றையும் எண்ணாக்கி வெளியாட்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். சில மாதங்களுக்கு முன் எனக்கும் அப்படி ஐந்து கட்டுரைகள் வந்தன. நான் கடுமையாகவே குறித்து அனுப்பினேன். எவ்வளவு கடிந்துகொண்டாலும் "அன்புள்ள மேம்" என்றே பதில் வந்தது. கடைசியில் ஓர் அமர்வுக்கு நீங்களே தலைமை தாங்குங்கள் என்று கூப்பிட்டும் விட்டார்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி அறையை விருந்தாளிகளுக்கு விடும் ஒரு வீட்டில் என்னைத் தங்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கார மாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கேள், நம்மாத்து காரம் ஒத்துக்குமோ?" என்று கேட்டார். பினாங்கில் மீன் குழம்பை மிளகாயோடு கலந்து குடித்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஒத்துக்கொள்ளும் மாமி என்றேன். தெருமுனை மெஸ்ஸில் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் கடைகளில் பொங்கல் என்ற பெயரில் தருவதைப் பற்றி இனிமேல் வாய் திறக்கப் போவதில்லை.

முதல் நாள் முழுக்கத் தங்கைக்கே போயிற்று. மெட்ரோ வேலைக்காகத் தெருவுக்குத் தெரு தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். தி.நகர் போய்ச் சேர ஆட்டோ மூன்று முறை திரும்பி வந்தது. எந்த ஊர் என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன். "பினாங்கா? எங்க மாமா ஒர்த்தரு அங்கதாம்மா வெல்டிங் வேலைல கீறாரு, பாத்தா சொல்லுங்க" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரங்கநாதன் தெருவில் கூட்டம் என்னைத் தானாகவே நடத்திக்கொண்டு போயிற்று. துணிக்கடைப் பெண் என் மாதிரித் துண்டுகளை ஒரே ஒரு முறை பார்த்தார். மேலே ஏறி ஆறு சுருள்களை இறக்கினார். ஆறின் நிறமும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. கண்ணால் பார்த்தே இப்படிப் பொருத்துகிறவர் முன்னால் என் கருவிகளை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மாலையில் பட்டினப்பாக்கம் கடற்கரை வரை நடந்தேன். வெயில் தாழ்ந்து காற்று குளிர ஆரம்பித்திருந்தது. தை மாதச் சென்னை எங்கள் ஊரை விட நன்றாகவே இருக்கிறது. மே மாதத்தில் இங்கே எப்படி இருக்கும் என்பது எனக்குத் தாளில் தெரியும். மறுநாள் என் அமர்வில் வரவிருந்த கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

இரண்டாம் நாள் காலை அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் ஏதோ பேருந்து பழுதாகி நிற்க, பின்னால் எல்லோரும் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இறங்கி நடந்தேன். பாலத்தின் நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தேன். கரையோரம் ஒரு பகுதி வெறுமையாக, புல் முளைத்துக் கிடந்தது. அங்கே முன்பு வீடுகள் இருந்தன என்பதும் அந்தக் கட்டுரையில் படித்ததுதான். அந்தக் குடும்பங்களை ஊருக்கு வெளியே, தெற்கே கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை மட்டும் இன்னும் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும்தான். தினமும் பஸ் பிடித்து வந்து போகிறார்கள்.

வியர்த்துக் கொட்ட அரங்குக்குள் நுழைந்தேன். முன்வரிசையில் நல்ல நாற்காலிகளாக ஏழெட்டு காலியாக இருந்தன. தமிழ்க் கூட்டங்களில் முன்வரிசை யாருக்கு என்பது எனக்குத் தெரியாததா? போய் உட்கார்ந்தேன். முக்காடிட்ட ஒரு மாணவி பதறி ஓடி வந்தாள். "மேம், சாரி மேம், இது உங்களுக்கில்ல" என்றாள். ராயப்பேட்டையைச் சேர்ந்த நஸ்ரீன். சமூகப்பணி மாணவி. கட்டுரைக்காக யாருடைய வீட்டில், யாருடைய படகில், யாருடைய கடையில் அளவு எடுத்தார்களோ, அவர்களில் ஒருவராவது வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். அவருக்குப் புரிகிற மொழியில்தான் பேச வேண்டும். பேசி முடித்ததும் முதல் கேள்வி அவருடையது. மாணவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது. நான் ஓரத்தில் ஒரு மேசைக்கு நகர்த்தப்பட்டேன். பொன்னாடை கூட இல்லை.

மனதுக்குள் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தேன். உள்ளபடியே எழுதுகிறேன்.

நான்காவதாக நஸ்ரீனும் ஹரிணியும் மேடை ஏறினார்கள். ஹரிணி இயற்பியல் மாணவி, மயிலாப்பூர்ப் பெண். ஆற்றங்கரையிலிருந்து மாற்றப்பட்டவர்களின் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகளில், தீப்பெட்டி அளவுள்ள வெப்பம் பதியும் கருவியை மே மாதம் முழுவதும் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. மாத முடிவில் குடியிருப்புச் சங்கத் தலைவி எல்லாவற்றையும் ஒரே பையில் சேகரித்துக் கொடுத்துவிட்டார். திரையில் இருபத்தோரு கோடுகள் மேலும் கீழுமாக ஒன்றாகப் போயின. சிவப்புப் புள்ளிகளால் ஒரு கோடு மட்டும் தனியாக.

"இது பதினாலாம் நம்பர் வீடு" என்று ஹரிணி தமிழில் விளக்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தக் கோடு திடீரென்று ஏறுகிறது. ராத்திரி எல்லா வீடும் கொஞ்சமாவது ஆறும்போது இது ஆறவே இல்லை. சனிக்கிழமை மதியம் சட்டென்று இறங்கி மற்ற வீடுகளோடு சேர்ந்துகொள்கிறது. "கருவி பழுதுன்னு இதைக் கணக்குல எடுத்துக்கல" என்று முடித்தாள்.

அப்படி எடுக்காமல் விடச் சொன்னது நான்தான்.

முதல் கேள்விக்கு முன்வரிசையைப் பார்த்தாள் நஸ்ரீன். அங்கே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் தேவகி. மந்தைவெளியில் ஒரு வீட்டில் சமைக்கிறவர். வேலைக்கு நடுவில் இரண்டு மணி நேரம் கேட்டு வந்திருந்தார். எழுந்து நின்று, ஒலிவாங்கியை வாங்காமல், திரையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அது எங்க வூடும்மா. மிஷினு கெட்டுப்போவல. அன்னிக்கு ஐஸ் பெட்டி வச்சிருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு பூட்டாரு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் ஊரில் சாவு என்றால் அதற்கென்று இருக்கும் நிறுவனத்தார் வந்து உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் வைத்து, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இங்கே கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியை வாடகைக்கு எடுத்து வீட்டுக்குள்ளேயே வைக்கிறார்கள் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. உள்ளே இருப்பதைக் குளிர வைக்க, அது வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓர் அறை வீடு. கருவி மாட்டியிருந்த சுவருக்குக் கீழேயே பெட்டி. தூரத்துச் சொந்தம் வந்து சேரும் வரை மறுநாள் மதியம்வரை அது ஓடியிருக்கிறது. பெட்டியை எடுத்ததும் கோடு இறங்கியிருக்கிறது.

ஹரிணி மேடையிலேயே அழுதுவிட்டாள். அடுத்த கட்டுரையைக் கூப்பிட வேண்டியவள் நான். ஒரு வழியாகக் கூப்பிட்டேன். அது முடிவதற்குள் தேவகியம்மா போய்விட்டிருந்தார். மந்தைவெளி வீட்டில் மதியச் சமையலுக்குக் காய் நறுக்க வேண்டுமாம்.

மதியம் கேன்டீனில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். நஸ்ரீன் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். மாநாட்டுக்கு அழைக்க எல்லா வீட்டுக்கும் போன் செய்தவள் அவள். தேவகியம்மா வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று வழக்கமாகக் கேட்கிறவள், அன்றைக்குப் பட்டியல் நீளம் என்று கேட்கவில்லையாம். பெயர்ப் பட்டியல் அவளிடம், எண்களும் கோடுகளும் ஹரிணியிடம். ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. விதியை அவர்கள் அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார்கள்.

என் பங்கை நான் சொன்னேன். பழுதான கருவி மறுநாளே தானாக எப்படிக் குணமாகும்? முதலாம் ஆண்டு மாணவன் கேட்கக்கூடிய கேள்வி அது. நான் கேட்கவில்லை. ஹரிணிதான் கேட்டிருந்தாள். "அந்த வீட்டில் விசாரித்துப் பார்க்கட்டுமா மேம்?" என்று பெயர் தெரியாத கட்டுரையாளராக எனக்கு எழுதியிருந்தாள். நேரம் இல்லை, நீக்குங்கள் என்று ஒற்றை வரியில் பதில் போட்டது என் கைதான். அதை அவளிடமே சொன்னபோது, "நீங்கதான்னு தெரியும் மேம்" என்றாள். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறைக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. தேவகியம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்காமல் ஊருக்குத் திரும்பக் கூடாது என்று பட்டது. நஸ்ரீன் போன் செய்தாள். காலை வேலை முடிந்து பத்தரை மணிக்கு மந்தைவெளி பஸ் நிலையத்துக்கு வருவேன், அங்கே பார்க்கலாம் என்றாராம்.

மூன்றாம் நாள் நான், நஸ்ரீன், ஹரிணி மூன்று பேரும் பஸ் நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் காத்திருந்தோம். டீ நன்றாகவே இருந்தது. எங்கள் ஊரில் ஆற்றித் தருவதை ஒரு கலையாகக் காட்டிக்கொள்வார்கள். இங்கே கடைக்காரர் யாரோடோ சண்டை போட்டபடியே அதே உயரத்துக்கு ஆற்றினார். தேவகியம்மா கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் வீட்டைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னது நான், விசாரிக்காமல் செய்தது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

"அது கெடக்குதும்மா" என்றார். "எனக்கு ஒண்ணு தெரியணும். அதுக்குத்தான் நேத்து லீவு கேட்டுகினு வந்தேன். அத்தினி பேரு முன்னால கேக்க முடியல."

அவர் மெதுவாகச் சொன்னதை இப்படி எழுதலாம். கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில்தான். கீழ்த்தள வீடு, சாக்கடை ஓரம். சன்னலைத் திறந்து வைத்தால் பெருச்சாளி உள்ளே வரும். அவரால் எழுந்து விரட்ட முடியாது. அதனால் தேவகியம்மா வேலைக்குக் கிளம்பும்போது சன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் போவார். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மூன்று மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது உயிர் இல்லை. ஒரே மகன் சேகர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், அன்றிலிருந்து அம்மாவிடம் பேசுவதில்லை. சன்னலைச் சாத்தி அப்பாவை வேக வைத்துக் கொன்றுவிட்டாய் என்று சாவு வீட்டில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டான். காரியம் முடிந்ததும் மனைவியோடு வியாசர்பாடி போய்விட்டான். எட்டு மாதமாகிறது.

நஸ்ரீனைக் காட்டினார். "அந்த மிஷினு பொய் சொல்லாதுன்னு இந்தப் பொண்ணு மாட்டும்போது சொல்லிச்சு. என்னாலதானான்னு அதுல தெரியுமாம்மா?"

ஹரிணி என்னைப் பார்த்தாள். நீக்கிய கோட்டை அவள் அழிக்காமல் தனியாக வைத்திருந்தாள். மடிக்கணினியைப் பெஞ்சில் வைத்துத் திறந்தாள். நஸ்ரீன் தன் பட்டியலை எடுத்து, முதல்முறையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பக்கத்து வீடு பதின்மூன்றாம் எண். சன்னலுக்குக் கம்பி வலை அடித்திருந்த வீடு. "சன்னல் எப்போதும் திறந்திருக்கும்" என்று நஸ்ரீன் கையாலேயே குறிப்பு எழுதியிருந்தாள். ஹரிணி அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் எடுத்து இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள்.

காலை எட்டு மணி. பத்து. பன்னிரண்டு. இரண்டு. இரண்டும் ஒன்றாகவே ஏறிக்கொண்டிருந்தன. ஐந்து மணிக்கு, பெட்டி வந்த பிறகுதான் பிரிந்தன.

தேவகியம்மா விரலைத் திரையில் வைத்து எட்டிலிருந்து மூன்று வரை இழுத்துக்கொண்டு போனார். மறுபடியும் முதலிலிருந்து இழுத்தார். "கலா வூடும் இதேதானா? தொறந்தே வச்சிருப்பாளே அவ" என்றார். ஆமாம் என்றாள் ஹரிணி. என் பக்கம் திரும்பி, இதை என் பிள்ளையிடம் நீங்கள் சொல்ல முடியுமா, நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டான் என்றார்.

கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான். இரண்டு அறைகளும் ஒரே அளவு சூடாக இருந்தன. ஆனால் மனித உடம்புக்குச் சூடு மட்டும் கணக்கில்லை. கொஞ்சம் காற்று பட்டாலும் வித்தியாசம் உண்டு. அந்தக் கருவிக்குக் காற்று தெரியாது. ஒரு வீட்டைத் தூக்கிப் போட எனக்கு ஒற்றை வரி போதுமாக இருந்தது. இப்போது ஒரு வாக்கியம் சொல்ல இத்தனை யோசனை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நஸ்ரீன் என் போனில் தேவகியம்மா சொன்ன எண்ணை அழுத்திவிட்டாள்.

சேகர் எடுத்தார். பின்னால் லாரி ஓடும் சத்தம். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன், சுவரில் மாட்டியிருந்த கருவி எது என்று சொன்னேன். "உங்கள் அப்பா இறந்த அன்று, சன்னல் திறந்திருந்த பக்கத்து வீட்டிலும் அதே சூடுதான் இருந்தது. மதியம் வரைக்கும் கொஞ்சம் கூட வித்தியாசம் இல்லை" என்றேன்.

லாரி நின்றது. "தொறந்திருந்தா காத்து வந்திருக்குமே மேடம்" என்றார்.

தேவகியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருக்காது என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. "காற்றை நாங்கள் அளக்கவில்லை. அது எனக்குத் தெரியாது" என்றேன். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஹரிணி தலையைக் குனிந்துகொண்டாள்.

துண்டித்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். பிறகு அவர் குரல் கேட்டது.

"நான் அன்னிக்கு ஓடியாந்தப்போ கலா அக்கா வூட்ல எல்லாரும் வெளில படிக்கட்டுல குந்திகினு இருந்தாங்க. உள்ள இருக்க முடியலன்னு புள்ளைய மடில போட்டு விசிறிகினு இருந்துச்சு அந்த அக்கா. நான் பாத்துகினேதான் உள்ள போனேன்."

நான் தேவகியம்மாவைப் பார்த்தேன்.

"அம்மா பக்கத்துல கீறாங்களா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். போனைக் கொடுக்கச் சொன்னார்.

தேவகியம்மா இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் கேட்டது.

"இன்னும் இல்லடா. நீ துன்னியா?"